சுற்றிப் போனால் சீக்கிரம்

2016 அக்டோபர் நடுவில், டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எங்கும் நிற்காமல் பறக்கும் ஏர் இந்தியா விமானம் தன் வழியை மாற்றிக்கொண்டது. அதுவரை அது மேற்கே கிளம்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி ஏறத்தாழ 13,900 கி.மீ. புதிய வழி நேர் எதிர்த் திசையில் அமைந்தது. கிழக்கே கிளம்பி, சீனாவையும் ஜப்பானையும் தாண்டி, பசிபிக்கின் மேல் பறந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்குவது. இது ஏறத்தாழ 15,300 கி.மீ. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கும் அளவு தூரம் கூடுதல். அவ்வளவு கூடுதலாகப் பறந்தும், பதினான்கரை மணி நேரத்தில் விமானம் தரையிறங்கிவிட்டது. மேற்கு வழியைவிட நேரமும் குறைந்தது, எரிபொருளும் குறைந்தது.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டால், பள்ளியில் படித்த தூரம், நேரம், வேகம் என்ற மூன்றும் மனதில் வரும். இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைத்துவிடும் என்பது பாடம். தரையில் ஓடும் ரயிலுக்கு அது பொருந்தும். வானத்தில் அந்த மூன்றில் எதுவுமே ஒற்றை எண்ணாக இருப்பதில்லை. தூரத்தில் இரண்டு மூன்று வகை உண்டு, வேகத்தில் இரண்டு வகை உண்டு. எதை எதனால் வகுக்கிறோம் என்பது தெரியாவிட்டால் விடை தப்பாகிவிடும். இந்த அத்தியாயம் முழுக்க டெல்லி–சான் பிரான்சிஸ்கோ வழியையே கையில் பிடித்துக்கொண்டு போகப் போகிறோம். விமானப் பயணத்தின் கணக்கை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழித்தடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் தூரம். ஒரு உலக உருண்டையை எடுத்து, டெல்லியில் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் இறுகும்போது தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். அந்த வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. அதைப் பெருவட்டப் பாதை என்போம். அதன் நீளத்தைக் கண்டுபிடிக்க நூலை அளக்கவே தேவையில்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது அவற்றுக்கு இடையே எத்தனை பாகை என்று கோளத் திரிகோணவியல் சொல்லிவிடும். டெல்லி விமான நிலையம் வடக்கு 28.57 பாகை, கிழக்கு 77.10 பாகை. சான் பிரான்சிஸ்கோ வடக்கு 37.62, மேற்கு 122.38. கணக்கைப் போட்டால் இடைக்கோணம் 111.3 பாகை வருகிறது. பூமியின் பரப்பில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 12,400 கி.மீ.

பூமி சரியான உருண்டை இல்லை. மையத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 6,378 கி.மீ., துருவம் வரை 6,357 கி.மீ. இந்தத் தட்டைத்தனத்தையும் கணக்கில் சேர்த்தால் விடை அரை சதவீதத்துக்கு உள்ளேதான் மாறும். நமக்கு அது பெரிதில்லை.

வியப்பு நூலின் திசையில் இருக்கிறது. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, டெல்லியிலிருந்து அமெரிக்கா போவதென்றால் கிழக்கே போக வேண்டும், அல்லது மேற்கே போக வேண்டும். உருண்டையின் மேல் இழுத்த நூலோ கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்புகிறது. வடக்கிலிருந்து கிழக்குப் பக்கம் 16 பாகைதான் சாய்வு. இமயமலை, திபெத், ஆல்டாய் மலைகள், சைபீரியா என்று ஏறிக்கொண்டே போய், ஆர்க்டிக் கடலில் 75 பாகை அட்சரேகையையும் தாண்டி, அங்கிருந்து வளைந்து அலாஸ்கா வழியாக இறங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிக் கலிஃபோர்னியாவை அடைகிறது. கலிஃபோர்னியாவின் வெயிலுக்குப் போகும் குறுக்குவழி உறைந்த கடலின் மேல் போகிறது. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த முறையில் அச்சான வரைபடங்கள் துருவப் பகுதிகளை இழுத்து நீட்டிவிடுவதால்தான் இந்த வழி நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

ஆக, நூல் சொல்லும் தூரம் 12,400. விமானம் பறந்ததோ 13,900 அல்லது 15,300. நூலின் வழியில் ஏன் போவதில்லை?

முதல் தடை திபெத். அந்தப் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டரைத் தாண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று இறங்கிவிட்டால் விமானி உடனே பத்தாயிரம் அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்குக் கீழிறங்க வேண்டும். அந்த உயரத்தில் மனிதர் முகமூடி இல்லாமல் மூச்சுவிடலாம். இருக்கைக்கு மேலிருந்து விழும் முகமூடிகளுக்கு ஆக்சிஜன் தரும் வேதிக் குப்பிகள் பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரம் அல்லது அதற்குச் சற்று முன்பின்தான் தாங்கும். திபெத்தின் மேல் பத்தாயிரம் அடியில் பறக்க முடியாது. அங்கே அந்த உயரத்தில் இருப்பது மண்ணும் பாறையும். அதனால்தான் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றிப் போகின்றன. அதைக் கடக்க விரும்பினால் கூடுதல் ஆக்சிஜனும், தப்பிப்பதற்கு முன்பே வகுத்த வழிகளும் வேண்டும்.

இரண்டாவது, எரிபொருளின் குளிர். துருவத்தை ஒட்டிய வானில் வெளிவெப்பம் மைனஸ் 60 பாகைக்கும் கீழே போகும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் பல மணி நேரம் அந்தக் குளிரில் ஊறுகிறது. உலகின் பெரும்பகுதியில் ஊற்றப்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறைய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஊற்றப்படும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே உறையலாம். விமானியறையில் எரிபொருளின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு எண் உண்டு. துருவ வழியில் போகிறவர்கள் அதன்மேல் ஒரு கண் வைத்தபடியே இருப்பார்கள். எண் கெட்ட பக்கம் நகர்ந்தால் கொஞ்சம் கீழே இறங்கி வெதுவெதுப்பான காற்றைத் தேட வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகமாகப் பறந்தால் காற்றின் உராய்விலும் அழுத்தத்திலும் இறக்கையின் தோல் சில பாகை சூடேறும்.

நாடுகளின் எல்லைகளும் உண்டு. அதற்குப் பின்னால் வருவோம். இத்தனைக்கும் மேலே, இந்த அத்தியாயத்தின் நாயகன் காற்று.

போயிங் 777 போன்ற விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுத்தான் விமானிகள் பேசுவார்கள். அதன் வழக்கமான வேகம் மாக் 0.84, அதாவது ஒலி வேகத்தில் 84 சதவீதம். பதினோரு கி.மீ. உயரத்தில், மைனஸ் 56 பாகைக் குளிரில் ஒலி மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ. வேகத்தில் போகும். அதில் 84 சதவீதம் என்றால் 890 கி.மீ. இது சுற்றியிருக்கும் காற்றை வைத்து அளந்த வேகம், காற்றுவேகம். இனி அந்தப் பசிபிக் பயணத்துக்கு வாருங்கள். 15,300 கி.மீ.-ஐப் பதினான்கரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. இது தரைவேகம். எஞ்சின் கொடுத்தது 890. மீதி 165-ஐப் பின்னாலிருந்து காற்று கொடுத்திருக்கிறது. ஆற்று நீரோட்டத்தோடு போகும் பரிசலுக்குத் துடுப்பு வேகமும் நீரின் வேகமும் சேர்ந்து கிடைப்பது போலத்தான்.

இங்கே மூன்றாவது வகைத் தூரம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது. விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எவ்வளவு தூரம் பறந்தது? 890-ஐப் பதினான்கரையால் பெருக்குங்கள். ஏறத்தாழ 12,900 கி.மீ. தரையில் 15,300 கி.மீ. நகர்ந்த விமானம், காற்றுக்குள் 12,900 கி.மீ. மட்டுமே பறந்திருக்கிறது. மேற்கு வழியில் சராசரியாக மணிக்கு 25 கி.மீ. எதிர்காற்று என்று மிதமாகவே வைத்துக்கொண்டால்கூட, தரைவேகம் 865 ஆகிவிடும். 13,900 கி.மீ. போகப் பதினாறு மணி நேரம் பிடிக்கும். காற்றுக்குள் பறந்த தூரம் 14,300 கி.மீ. எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவை காற்றுக்குள் பறந்த தூரத்துக்குத்தான் செலவாகும். அந்தக் கணக்கில் பார்த்தால் பசிபிக் வழிதான் குறுகியது. சுற்றுவழி என்று நாம் சொன்னது தரையைப் பார்த்துச் சொன்னது.

இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது? வெப்பமான காற்று விரிந்து உயர்ந்து நிற்கும், குளிர்ந்த காற்று சுருங்கிக் கிடக்கும். வெப்ப மண்டலத்தின் மேல் நிற்கும் காற்றுத் தூண் உயரமானது, துருவத்தின் மேல் நிற்பது குள்ளமானது. அதனால் தரையிலிருந்து பத்து கி.மீ. உயரத்தில் எடுத்தால், தெற்கே அழுத்தம் அதிகமாகவும் வடக்கே குறைவாகவும் இருக்கும். காற்று தெற்கிலிருந்து வடக்கே பாயக் கிளம்பும். பூமி சுழல்வதால் வடகோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் திருப்பப்படும். வடக்கே கிளம்பிய காற்று திரும்பித் திரும்பிக் கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கிவிடும். வெப்ப வேறுபாடு எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே இந்த ஓட்டம் குறுகி வேகமெடுக்கும். அதுவே ஜெட் காற்றோட்டம். சில நூறு கி.மீ. அகலம், ஓரிரு கி.மீ. தடிமன், ஆயிரக்கணக்கான கி.மீ. நீளம். குளிர்காலத்தில் சைபீரியா உறைந்து கிடக்க, பசிபிக் வெதுவெதுப்பாக இருக்க, ஜப்பானின் மேல் அது உலகிலேயே மிக உக்கிரமாக ஓடும். மணிக்கு 300 கி.மீ.-ஐத் தாண்டுவது அங்கே அரிதில்லை.

அதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. டோக்கியோவுக்கு வடக்கே டடேனோ ஆய்வகத்திலிருந்து 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் திசையையும் வேகத்தையும் தொலைநோக்கியால் தொடர்ந்து பதிவு செய்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தன் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த ஆசை நிறைவேறவில்லை. ஜப்பானுக்கு வெளியே அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1944-இன் கடைசியில் டோக்கியோ மேல் குண்டு போட மிக உயரத்தில் பறந்துவந்த அமெரிக்க பி-29 விமானங்கள், காற்று இழுத்துப் போன வேகத்தில் குறி தவறித் தடுமாறியபோதுதான் அதன் பலம் உலகுக்கு உறைத்தது. அதே மாதங்களில் ஜப்பான் காகிதத்தால் செய்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களில் குண்டுகளைக் கட்டி, இந்தக் காற்றில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது. எஞ்சினே இல்லாத அந்தப் பலூன்களில் சில பசிபிக்கைத் தாண்டிவிட்டன. ஓயிஷியின் பொறுமையான அளவீடுகளுக்கு இன்னும் நல்ல பயன் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

காற்றின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு அட்லாண்டிக்கிலிருந்து ஒரு உதாரணம். 2020 பிப்ரவரியில் சியாரா என்ற புயல் பிரிட்டனை நெருங்கியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. ஒரு கட்டத்தில் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.-ஐத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். மீறவில்லை. விமானம் தன் காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

அப்படியானால் போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகி, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுமா? ஆகாது. ஒரு சிறு கணக்கு. 9,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. காற்றுவேகம். காற்றே இல்லாவிட்டால் போகப் பத்து மணி, வரப் பத்து மணி. மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால், போகும்போது 1,000 வேகத்தில் ஒன்பது மணி. வரும்போது 800 வேகத்தில் பதினொன்றே கால் மணி. மொத்தம் இருபதேகால். எதிர்காற்றில் மெதுவாகப் போகும்போது, அந்த எதிர்காற்றுக்குள்ளேயே கூடுதல் நேரம் இருக்க வேண்டிவருகிறது. போன வழியிலேயே திரும்பி வந்தால் காற்று எப்போதும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் விடும்.

இதற்கு டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் கண்ட வழி அழகானது. திரும்பி வரும்போது போன வழியில் வராமல், அமெரிக்காவிலிருந்தும் கிழக்கே கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி டெல்லிக்கு வந்தது. இரண்டு தடவையும் காற்று முதுகுப் பக்கம். ஒரு முறை போய்வந்தால் விமானம் பூமியைச் சுற்றி வந்திருக்கும். இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட எதிரெதிரே, 160 பாகை தள்ளி இருப்பதால்தான் இது கட்டுப்படியாகிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் விமானத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

வழி தினமும் ஒன்றாக இருப்பதும் இல்லை. காற்று மாற மாற வழியும் மாறும். வீசும் காற்றுக்கு நடுவே மிகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேரும் வழி எது என்பதை 1931-இல் கணிதக் கேள்வியாக வடித்து விடை கண்டவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ. கணக் கோட்பாட்டுக்குப் பேர்போனவர். இன்று விமான நிறுவனங்களில் டிஸ்பாட்சர் என்ற பொறுப்பில் இருப்பவர்கள், புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு அந்தக் கேள்வியைக் கணினியில் தீர்க்கிறார்கள். வெவ்வேறு உயரங்களில் எங்கே எவ்வளவு காற்று என்ற முன்னறிவிப்பை ஊட்டினால் கணினி வழியைத் தரும். அட்லாண்டிக்கின் மேல் கனடாவின் கேண்டர், ஸ்காட்லாந்து–அயர்லாந்துப் பக்கத்து ஷான்விக் ஆகிய இரண்டு கட்டுப்பாட்டு மையங்களும் சேர்ந்து, ஜெட் காற்றோட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அன்றன்றைக்கான வான்தடங்களை வகுத்துத் தருகின்றன.

நம் பக்கத்து வானில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறிக் கிடக்க, இந்தியப் பெருங்கடல் அவற்றைவிடக் குளிர்ந்திருக்கும். வடக்கே வெப்பம், தெற்கே குளிர். முன்பு சொன்ன காற்றுத் தூண்களின் கதை தலைகீழாகி, மேல்வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை உலகுக்கு விளக்கியது இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1958-இல் எழுதிய கட்டுரை. அதன் உச்ச வேகம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் ஜூலை மாதம் சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத் தென்னிந்தியாவைத் தாண்டும் வரை அது உதவிக்கு வரும்.

இப்போது ஒப்பிட இன்னொரு எண். உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை என்று சொல்லப்படுவது சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலானது. தூரம் ஏறத்தாழ 15,350 கி.மீ. டெல்லி விமானம் பசிபிக் வழியில் பறந்ததும் கிட்டத்தட்ட அதே 15,300. ஆனால் சிங்கப்பூர் விமானத்துக்குப் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேலே ஆகிறது. நான்கு மணி நேர வித்தியாசம் எப்படி? சிங்கப்பூருக்குச் சொல்லும் எண் நூலின் நீளம். டெல்லிக்குச் சொன்ன எண் பறந்த வழியின் நீளம். சிங்கப்பூர் விமானமும் காற்றைத் தேடி நூலைவிட ஆயிரம் கி.மீ.-க்கும் மேலே சுற்றிப் போவது வழக்கம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து எது பெரிது என்று பட்டியல் போடுகிறவர்கள், இரண்டு வேறு அளவுகோல்களை ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அந்தச் சிங்கப்பூர் விமானம், ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், நெருங்கிப் பார்க்கத் தக்கது. தொட்டியில் 1,65,000 லிட்டர் கொள்ளும். எடையில் அது 130 டன்னுக்கு மேல். முழுச் சுமையோடு விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் உச்ச எடை 280 டன். ஏறத்தாழப் பாதி எடை எரிபொருள்! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் போட்டிருப்பது 161 இருக்கைகள்தான். சாதாரண வகுப்பே கிடையாது. காரணம், எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு மூன்று நான்கு சதவீதம் அதைத் தூக்கிச் செல்லவே போய்விடும் என்பது விமானத் துறையில் கைக்கணக்கு. பதினைந்து மணி நேரப் பயணத்தின் கடைசியில் ஒரு டன் மிச்சமிருக்க வேண்டுமென்றால், கிளம்பும்போது ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும். இதே நிறுவனம் 2004-இலேயே நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை வைத்து நியூயார்க் பக்கத்து நெவார்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கி, கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தியது. குறைவாகக் குடிக்கும் இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகு 2018-இல்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

எரிபொருளா, ஆளா என்ற இந்தப் பேரம் இலங்கைக் கடற்கரையில் ஒருகாலத்தில் இதைவிடக் கடுமையாக நடந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பான் வசமான பிறகு, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. 1943 நடுவிலிருந்து குவாண்டஸ் நிறுவனம் நீரில் இறங்கும் கேட்டலினா விமானங்களை, பெர்த்திலிருந்து காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு எங்கும் நிற்காமல் ஓட்டியது. பெருவட்டக் கணக்கில் ஏறத்தாழ 5,650 கி.மீ. பயண நேரம் 27 முதல் 33 மணி. தொட்டி தொட்டியாக எரிபொருள் ஏற்றியதால் மூன்று பயணிகளுக்கும் சில பத்துக் கிலோ தபாலுக்கும்தான் இடம் மிஞ்சியது. எதிரி கேட்டுவிடக் கூடாது என்று வானொலியை வாய்மூடி வைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். விமானங்களுக்கு வைத்த பெயர்களும் ரிகல், ஸ்பைகா, வேகா, அல்டேர், அண்டாரெஸ் என்று நட்சத்திரங்கள்தான். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியோதயத்தைப் பார்ப்பதால், இறங்கிய பயணிக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயரிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் 271 முறை அந்தக் கடலைக் கடந்தார்கள். இன்று 5,650 கி.மீ. என்பது ஏழு மணி நேரப் பயணம்.

எல்லைகளைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். காற்று கொடுப்பதை ஒரே அறிவிப்பில் பறித்துவிட அரசுகளால் முடியும். 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியதும், ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியானது. சைபீரியாவின் மேல் போனவர்கள் வடதுருவத்தைத் தாண்டிச் சுற்றினார்கள். 2019-இலும் 2025-இலும் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் ஒவ்வொரு பயணமும் தெற்கே இறங்கி வளைய நேர்ந்தது. அமெரிக்காவுக்குப் போகும் சில விமானங்கள் நடுவில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ஊர்கள் நகரவில்லை, நூலின் நீளம் மாறவில்லை. பயணிகளின் மணிக்கணக்கு மட்டும் ஏறிவிட்டது.

திறந்திருக்கும் வானத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மிஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு விதித்த நேரத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதையும் பார்த்துத்தான் வழியை வளைக்கிறார்கள். 2023 ஜூனில் நம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள், 16 பணியாளர்கள். அவர்களை ஏற்றிச் செல்ல இன்னொரு விமானம் வரும் வரை அங்கேயே தங்கினார்கள். வரைபடத்தில் யாரும் தேடாத ஊர்கள் இப்படித்தான் ஒவ்வொரு விமானத்தின் திட்டத் தாளிலும் பெயர் பெற்றிருக்கின்றன.

கடிகாரம் காட்டும் நேரம் இன்னொரு கணக்கு. அக்டோபரில் டெல்லி நேரம் சான் பிரான்சிஸ்கோ நேரத்தைவிடப் பன்னிரண்டரை மணி முன்னால் இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு டெல்லியில் கிளம்பி, பசிபிக் வழியே பதினான்கரை மணி நேரம் பறந்தால், அதே தேதியில் காலை ஆறு மணிக்கு இறங்கலாம். கடிகாரத்தில் இரண்டே மணி நேரம். நடுவில் ஒரு முழுப் பகலும் ஒரு இரவும் போயிருக்கும். மியான்மர் பக்கம் விடியும், பசிபிக்கின் நடுவில் தேதிக்கோட்டுக்கு அருகே பொழுது சாயும், இறங்கி ஒரு மணி நேரத்தில் அதே தேதிக்கு மறுபடி விடியும்.

பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் நேரமும் பறக்கும் நேரமல்ல. சக்கரத்துக்கு அணை கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, மறுமுனையில் கட்டையை வைப்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேரும். காற்றின் பருவத்துக்கு ஏற்பக் குளிர்கால அட்டவணையிலும் கோடைகால அட்டவணையிலும் ஒரே பயணத்துக்கு வெவ்வேறு நேரம் போடுவார்கள்.

இருக்கைக்கு எதிரே உள்ள திரையிலிருந்தே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திரை வெளிவெப்பத்தையும் தரைவேகத்தையும் காட்டும். வெளிவெப்பம் மைனஸ் 54 என்று வைத்துக்கொள்வோம். அதோடு 273-ஐக் கூட்டினால் 219. அதன் வர்க்கமூலம் 14.8. அதை 72.2-ஆல் பெருக்கினால் 1,068. அந்தக் காற்றில் ஒலியின் வேகம் மணிக்கு அத்தனை கி.மீ. நீண்ட தூர விமானங்கள் பெரும்பாலும் மாக் 0.84, 0.85-இல் பறக்கும். 0.85-ஆல் பெருக்கினால் 908. அதுதான் உங்கள் விமானத்தின் காற்றுவேகம். திரையில் தரைவேகம் 1,010 என்றிருந்தால், முதுகுப் பக்கம் 100 கி.மீ.-க்குச் சற்று மேலே காற்று தள்ளுகிறது. 820 என்றிருந்தால் ஏறத்தாழ 90 கி.மீ. எதிர்காற்று. மீதமுள்ள தூரத்தைத் தற்போதைய தரைவேகத்தால் வகுத்தால் வரும் விடை, திரை காட்டும் மீதி நேரத்தோடு பல சமயம் ஒத்துப்போகாது. வழியின் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு காற்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதைப் புறப்படும்போதே விமானியறைக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். ஜப்பானுக்கு அருகே திரை 1,100 காட்டும்போதே, பசிபிக்கின் பாதியில் காற்று தளர்ந்து 950-க்கு இறங்கும் என்பதையும் அந்த மீதி நேரம் கணக்கில் எடுத்திருக்கும்.